கயிறு பிடிக்கிற ஆள்

 

சமூக வலைதளம் மனிதர்களைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ரொம்ப அழகாகச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டு முன்னால நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க, நாலு கையில நாலு போன், யாரும் யார் முகத்தையும் பார்க்கலைன்னார். உண்மைங்க. எங்க வீட்டுக்கு எப்ப வந்து பார்த்தார்னுதான் தெரியலை! (சிரிப்பு)

அதை நான் மறுக்க வரலை. ஆனா ஒரு விஷயம். அந்த நாலு பேருல ஒருத்தர் இடம் எங்க வீட்டுல வருஷத்துல எட்டு மாசம் காலியாத்தான் இருக்கும். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. முகம் பார்த்துச் சாப்பிடுங்கன்னு சொல்றது சுலபம். முகமே நடுக்கடல்ல இருந்தா என்ன பண்றது?

நடுவர்: சரிதாம்மா. தூத்துக்குடியில பாதி வீடு அப்படித்தானே!

ஆமாங்க அய்யா. கப்பல்காரர் வீடு, தோணிக்காரர் வீடு, விசைப்படகுக்காரர் வீடு. எல்லா வீட்டிலயும் ஒரு ஆள் கரையில காத்திருக்கும், ஒரு ஆள் தண்ணியில இருக்கும். அதனால எங்க ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

தூத்துக்குடியை முத்து நகர் என்கிறோம். எங்கள் கரையில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1955-லிருந்து 1961 வரை. அதற்கு முன்னால் எத்தனையோ நூற்றாண்டுகளாக நடந்த தொழில். குளிக்கிறவர் ஒரு கல்லின் கனத்தில் கீழே இறங்குவார். இடுப்பில் ஒரு பை. மூச்சு இருக்கிற நேரத்துக்குள் சிப்பியை அள்ள வேண்டும். மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பார். மேலே படகில் இருக்கிற ஆள் உடனே இழுக்க வேண்டும். கண் அசந்தால் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பார்கள் தெரியுமா? மச்சான் கையில் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். தன் கூடப்பிறந்தவள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால் மச்சான் தூங்க மாட்டானாம். (கைதட்டல்)

நான் இந்த மேடையில் கேட்க வந்ததும் அதேதான். நமக்குக் கயிறு பிடிக்க ஆள் இருக்கா? ரத்த சொந்தம் பக்கத்தில் இல்லாத காலத்தில் அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது?

முதலில் வலைப்பதிவு என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. இங்கே வந்திருக்கிற தாய்மார்களில் சிலருக்கு வாட்ஸ்அப் தெரியும், வலைப்பதிவு தெரியாது. நம் வீட்டு டைரிதான் அது. ஒரே வித்தியாசம், டைரியைப் பூட்டி வைப்போம், இதைத் திறந்து வைக்கிறோம். புதிதாக எழுதியது மேலே நிற்கும், பழையது கீழே போகும். படித்தவர் கீழே தன் கருத்தை எழுதலாம். 1999-இல் ‘பிளாகர்’ என்று ஒரு வசதி வந்தது. 2003-இல் கூகுள் அதை வாங்கியது. காசு கொடுக்க வேண்டாம், அச்சகம் வேண்டாம், ஆசிரியர் தயவு வேண்டாம். எழுத ஒரு மனசு இருந்தால் போதும்.

ஆனால் தமிழுக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. நான் ஒரு எழுத்துருவில் எழுதி அனுப்பினால், உங்கள் கணினியில் அது இல்லையென்றால், கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு தனி எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகையைப் பொது முறையாக்கியது. அப்புறம் யுனிகோட் பரவியது. ‘அ’ என்று நான் தட்டினால் அமெரிக்காவிலும் ‘அ’, ஆத்தூரிலும் ‘அ’. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் செய்தார். இங்கே அழகி என்று ஒரு மென்பொருள் வந்தது. 2004-இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ என்று ஒரு திரட்டி தொடங்கினார். திரட்டி என்றால், ஊரெல்லாம் தனித்தனியாக எழுதுகிறவர்களின் புதுப் பதிவுகளை ஒரே திண்ணையில் கொண்டுவந்து வைப்பது. கோவையில் இருக்கிறவர் எழுதியதைக் கோலாலம்பூரில் இருக்கிறவர் காலைக் காபியோடு படித்தார். அப்புறம் ஈரோடு, மதுரை, சென்னை என்று பதிவர் சந்திப்பு நடத்தி, எழுத்தில் பழகினவர்கள் நேரிலும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

நான் 2007-இல் எழுத ஆரம்பித்தேன். எழுத்தாளர் ஆகணும்னு இல்லைங்க. என் வீட்டுக்காரருக்கு எழுதுற கடுதாசியைத்தான் அதுல போட்டேன். கப்பல் துறைமுகம் சேர்ந்தா அவர் ஏதாவது கடையில உட்கார்ந்து படிப்பார். பிள்ளைக்குப் பல் முளைச்சது, உப்பளத்துல மழை பெய்து உப்பெல்லாம் கரைஞ்சது, பனிமயமாதா கோயில் திருவிழாக் கூட்டத்துல என் செருப்பு காணாமப் போனது, இப்படி.

ஒரு நாள் எங்க அம்மா வைக்கிற சாளைக் குழம்பைப் பத்தி எழுதினேன். சாளைன்னா சென்னைக்காரங்க மத்திம்பாங்களே, அதுதான். தேங்காய் அரைக்கிறது எப்படி, புளி எவ்வளவு, எந்தப் பதத்துல இறக்கணும்னு எல்லாம் எழுதிட்டேன். மறுநாள் பார்த்தா முகம் தெரியாத ஒரு பெண்மணி, யாழ்ப்பாணத்துக்காரங்க, இருக்கிறது கனடா. “எங்கட ஊரிலை சாளை எண்டும் ஒரு மீன், சூடை எண்டும் ஒரு மீன். நீங்கள் சொல்லுறது எது?” என்று கேட்டிருந்தாங்க. அதுக்குக் கீழே நாகர்கோவில்காரர் ஒருத்தர் பதில் சொல்றார். துபாயில இருக்கிற குரும்பூர்க்காரர் ஒருத்தர் அதை மறுக்கிறார். சாளைக்கும் சூடைக்கும் நடந்த அந்தப் பட்டிமன்றம் இருபது நாள் ஓடிச்சு. நடுவரே இல்லை! (சிரிப்பு)

நடுவர்: தீர்ப்பு என்னம்மா ஆச்சு?

தீர்ப்பு எங்க அம்மா சொன்னாங்க அய்யா. பேத்தி படிச்சுக் காட்டினா. “ஏட்டி, உங்க அம்மைகிட்டச் சொல்லு. எல்லாம் எழுதினா, மாங்காய் போடணும்னு எழுதலையே! மாங்காய் போடாம என்ன சாளைக் குழம்பு?” அதையும் அப்படியே போட்டேன். அன்றைக்கு வந்த கடிதங்களை எண்ண முடியலை. ஏரலில் இருக்கிற எங்க அம்மா, ஒரு எழுத்துத் தட்டத் தெரியாதவங்க, பத்து நாட்டுக்குப் பழக்கமாயிட்டாங்க. “மாங்காய் அம்மா நல்லாயிருக்காங்களா?” என்றுதான் கேட்பாங்க.

அதுல என்ன சந்தோஷம்னு எதிரணி கேட்கலாம். சொல்றேன். ஒரு பெண் முப்பது வருஷம் சமைக்கிறா. வீட்டுல யாரும் ஒரு வார்த்தை சொல்றதில்லை. உப்புக் குறைஞ்சா மட்டும் சொல்வாங்க. அவ கைப்பக்குவத்தை ஒருத்தர் டொராண்டோவில் செஞ்சு பார்த்து, “இண்டைக்கு எங்கட அம்மாவின்ரை ஞாபகம் வந்தது” என்று எழுதினா, அது எவ்வளவு பெரிய மரியாதை!

அதே மரியாதை இன்று எங்கள் கடற்கரைக்கும் கிடைக்கிறது. ‘தூத்துக்குடி மீனவன்’ என்று யூடியூபில் ஒரு சேனல் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இன்னும் வடக்கே, ராமநாதபுரம் மாவட்டத்தில், ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ என்று ஒன்று. ஸ்டுடியோவில் உட்கார்ந்து எடுத்தது இல்லை. கடலுக்குப் போகிற ஆளே போனைப் பிடித்து எடுக்கிறார். வலை விடுவது, வலை இழுப்பது, மீன் பிரிப்பது, படகிலேயே பொங்கிச் சாப்பிடுவது. மீன் கடையில் நின்று “என்னப்பா இந்த விலை?” என்று கேட்கிறோமே, அந்த மீன் கரைக்கு வருவதற்கு ஒரு மனிதன் எத்தனை ராத்திரி முழித்தான் என்பது நமக்குத் தெரியாது. அவன் படகிலேயே நம்மை ஏற்றிக் காட்டிவிட்டான். கச்சான் காற்று, கொண்டல் காற்று, வாடைக் காற்று என்று அவன் சொல்கிற சொல்லெல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைகள் காதில் விழுகிறது. எங்க ஊர்க் கடற்கரை மக்களின் பேச்சைக் கெட்டி அட்டைப் புத்தகத்தில் ஏற்றியவர் ஜோ டி குரூஸ். அவருடைய ‘கொற்கை’ நாவலுக்கு 2013-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அந்தப் பேச்சு இப்போது பேசுகிறவர் வாயாலேயே உலகத்துக்குக் கேட்கிறது.

இதில் வருமானமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர் சந்தாதாரராகச் சேர்ந்து, நீள வீடியோக்களைப் பன்னிரண்டு மாதத்தில் 4000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருந்தால் விளம்பரப் பணத்தில் பங்கு கேட்கலாம் என்பது யூடியூப் விதி. மீன் படாத நாளில் அடுப்பெரிய அது ஒரு வழி. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்த ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டியது. கொரோனா நேரத்தில் முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஆனா, ஒரு கோடி பேர் பார்க்கிறதும் நாலு பேர் சொந்தமாகிறதும் ஒண்ணு இல்லை. இதை நானே சொல்லிடறேன், எதிரணி சொல்றதுக்கு முந்தி. (சிரிப்பு) தேர்ச் சக்கரத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், வடம் பிடிக்கிறவன்தான் ஊர்க்காரன். பேஸ்புக்காரன் நமக்கு எதைக் காட்டுவது என்று அவனே தீர்மானிக்கிறான். எதைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருமோ, எதைப் பார்த்தால் நாம் கையை எடுக்க மாட்டோமோ, அதை முன்னால் தள்ளுகிறான். அது ஓடுகிற ஆறு, நேற்று எழுதியது இன்றைக்குக் கடலுக்குப் போயிருக்கும். வலைப்பதிவு கிணறு. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து வாளியை விட்டாலும் தண்ணி வரும். என் சாளைக் குழம்புக்கு இன்னமும் கடுதாசி வருதே!

பெண்கள் எழுதினால் வருகிற அசிங்கமான கடிதங்களையும் நான் பார்த்திருக்கிறேன். “புருஷன் கப்பலில், நீ கம்ப்யூட்டரிலா?” என்று பெயர் போடாமல் எழுதினான் ஒருத்தன். மூணு நாள் எழுதலை நான். நாலாவது நாள் அந்த நாகர்கோவில்காரர் கேட்டார், “தங்கச்சி, ரெண்டு நாளா விளக்கு எரியலையே, உடம்பு சரியில்லையா?” என்று. அவரை இன்னிக்கு வரைக்கும் நான் நேரில் பார்த்ததில்லைங்க. தங்கச்சின்னு ஒருத்தர் கூப்பிட்டுட்டா, பெயரில்லாதவன் எழுதினதை மதிக்க வேண்டியதில்லைன்னு தோணிச்சு. அந்தக் கடிதத்தை அழிச்சுட்டு, அன்னிக்கு ராத்திரியே மக்ரூன் செய்யறதைப் பத்தி எழுதினேன்.

எழுத்தை வைத்து ஊர் கூடுவது எங்கள் கரைக்குப் புதிதும் இல்லை. இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகம் தமிழ்ப் புத்தகம், ‘தம்பிரான் வணக்கம்’. 1578-இல் கொல்லத்தில் அச்சானது, பதினாறே பக்கம். அதைச் செய்தவர் எங்கள் முத்துக்குளித்துறையில், புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவ மக்கள். தங்கள் மொழியில் ஒரு தாளைப் பார்க்கணும்னு கடலில் குளித்துச் சம்பாதித்த காசை எடுத்துக் கொடுத்திருக்காங்க.

ஆபத்தில் இது உதவுமா என்று கேட்டார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி. மும்பையிலிருந்த பீட்டர் கிரிஃபின், ரோஹித் குப்தா, டீனா மேத்தா ஆகியோர் சேர்ந்து உடனே ஒரு வலைப்பதிவு திறந்தார்கள். எங்கே உதவி தேவை, யாரைக் கேட்பது, காணாமல் போனவரை எங்கே விசாரிப்பது என்று பல நாட்டிலிருந்தும் பலர் அதில் எழுதிக் குவித்தார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் எழுதினதை நம்பி எத்தனை குடும்பம் மூட்டை கட்டியது! அவர் வானிலைத் துறை அதிகாரி இல்லை. மழை மேல் ஆசைப்பட்டு வலைப்பதிவில் எழுத ஆரம்பித்தவர்தான்.

இப்ப என் கதைக்கு வர்றேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையை விட அதிகம், ஒரே நாளில். திருச்செந்தூரில் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் எண்ணூறு பயணிகள். புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியை எடுத்துப் பொங்கிப் போட்டார்கள்.

என் அம்மா ஏரலில். தாமிரபரணிக் கரை. வயது 74. தனியா இருக்காங்க. ரத்த அழுத்த மாத்திரை ரெண்டு நாளுக்குத்தான் இருக்கு. நான் தூத்துக்குடியில், என் வீட்டு வாசலிலேயே முழங்கால் தண்ணி. அவர் ஆப்பிரிக்காப் பக்கம் கப்பலில். திங்கட்கிழமை காலையில் போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். அம்மா பெயர், தெரு, அடையாளம், மாத்திரை பெயர் எல்லாம் எழுதிப் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் சிக்னல் செத்துப்போச்சு.

அதுக்கு முந்தி ஒரு தப்பும் செஞ்சேன். “அணை உடைஞ்சிட்டு, ஓடுங்க” என்று யாரோ பேசி அனுப்பினதை, கேட்ட பதற்றத்தில் மூணு குழுவுக்குத் தள்ளிவிட்டேன். தேதி இல்லை, எந்த அணைன்னு இல்லை, பேசறது யாருன்னு இல்லை. அது பொய். எத்தனை பேர் வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டினேனோ! அப்புறம் அழிச்சு, மன்னிப்பும் எழுதினேன். எதிரணிக்கு அந்த மதிப்பெண்ணை நானே கொடுத்துடறேன்.

ரெண்டு நாள். கரண்ட் இல்லை, போன் இல்லை, அம்மா இருக்காங்களா இல்லையான்னு தெரியாது. நான் சாப்பிடலை. மூணாம் நாள் மத்தியானம் சிக்னல் வந்தது. வந்ததும் துபாயிலிருந்து அந்தக் குரும்பூர்க்காரர். “அக்கா, மாங்காய் அம்மா நல்லா இருக்காங்க. என் தம்பி பக்கத்துல நிக்கான்.”

நடந்தது இதுதான். நான் போட்டதை அவர் துபாயில் பார்த்திருக்கிறார். தம்பிக்குப் போன் போகவில்லை. திருநெல்வேலியில் இருக்கிற ஒரு நண்பரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, எப்படியோ செய்தி குரும்பூர் போய், தம்பியும் அவன் கூட்டாளி ரெண்டு பேரும் டிராக்டரில் பாதி தூரம், இடுப்பளவுத் தண்ணியில் பாதி தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அங்கே போனால் எங்க அம்மா வீடு தண்ணிக்குள்ளே. அம்மா பக்கத்து வீட்டு மாடியில்! அந்த வீட்டு அக்காவும் அவங்க மகனும் ஏணி வச்சு ராத்திரியே ஏத்தியிருக்காங்க. அந்த அக்காகிட்ட பட்டன் போன்தான். பேஸ்புக்கும் கிடையாது, ஒரு புக்கும் கிடையாது. (கைதட்டல்)

ஆமாங்க, நேர்மையா சொல்லிடறேன். எங்க அம்மாவைக் காப்பாத்தினது பக்கத்து வீடு. மாத்திரை கொண்டுபோனதும், எனக்குச் சோறு இறங்க வச்சதும் அந்தத் துபாய்க்காரர். ரெண்டு பேரையும் நான் மோத விட மாட்டேன். கயிறு பிடிக்க எனக்கு ரெண்டு கையும் வேணும்.

மாடியிலே அந்தப் பையனை எங்க அம்மா கேட்டிருக்காங்க: “எய்யா, நீ யாரு மவன்? எந்த ஊரு?” அவன் எப்படி விளக்குவான்? “ஆச்சி, உங்க மக எழுதுற சாளைக் குழம்பைப் படிச்சவரு தம்பி நானு” என்றிருக்கிறான்.

அம்மா அந்த மாத்திரையை வாங்கி வாயில போட்டுக்கிட்டுக் கேட்டாங்களாம்: “மாங்காய் போட்டுத்தான வச்சீக?”

 (நீண்ட கைதட்டல்)